வலப்பக்கம் திரும்பிய புலி

செல்வநாயகத்துக்குப் புலிப் பைத்தியம் பிடித்தது நாற்பத்து நாலாவது வயதில். அந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும், இவனுக்குப் புலி வந்தது.

திருத்தங்கல்லில் ஓர் அச்சகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். அவன் டிசைனிங் பிரிவு, நான் புரூஃப் பார்க்கிறவன். படம் அவன் பொறுப்பு, எழுத்து என் பொறுப்பு. நாங்கள் அடிப்பது காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும். இரண்டுக்கும் மிருகம் இல்லாமல் ஆகாது. சரவெடிக்குப் புலி, புஸ்வாணத்துக்கு மயில், மளிகைக்கடைக் காலண்டருக்கு யானைக் குடும்பம். இருபத்தாறு வருசத்தில் அவன் கையைத் தாண்டிப் போன புலிகளை வரிசையாக நிறுத்தினால் சாத்தூர் வரைக்கும் நிற்கும். அத்தனையும் எங்கிருந்தோ விலைக்கு வந்த படங்கள். அதுவரை ஒரு புலியைக்கூட அவன் நேரில் பார்த்தது கிடையாது.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலண்டரில் வருகிற மிருகம் வலப்பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். இடப்பக்கம் பார்த்து நின்றால் வீட்டை விட்டு வெளியேறுகிற மாதிரி இருக்கிறது என்று எந்தக் காலத்திலோ ஒரு ஜவுளிக்கடைக்காரர் மொத்த ஆர்டரையும் திருப்பி அனுப்பிவிட்டாராம். அன்றிலிருந்து ஆடு, மாடு, சிங்கம் எதுவானாலும் வலது பார்த்தாக வேண்டும். இடது பார்க்கிற படம் வந்தால் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக மாற்றிவிடுவோம். கம்ப்யூட்டரில் அதற்கு இரண்டு பட்டனைத் தட்டினால் போதும். படத்தைத் திறந்ததும் செல்வநாயகத்தின் கை முதலில் அதைத்தான் செய்யும். மகள் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே செய்வான், டீயைக் குடித்துக்கொண்டே செய்வான். செய்தோம் என்பது அவனுக்கே தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒரு தினசரிக் காலண்டரில் அமாவாசையை ஒரு நாள் தள்ளி விட்டுவிட்டேன். எனக்கு அந்த வாரம் காய்ச்சல். அதை யார் கேட்கிறார்கள்? லோடு போய்ச் சேர்ந்து, தேனிப் பக்கம் ஒரு கடைக்காரர் போன் போட்டு, முதலாளி என்னை மெஷின் பிரிவின் நடுவில் நிறுத்திக் கிழித்தார். அவர் போன பிறகு, செல்வநாயகம் சத்தமாகச் சொன்னான்.

"விடுங்கலே. அவன் கண்ணுல வருசம் பூராவும் அமாவாசைதான்."

அச்சகமே சிரித்தது. அத்தோடு என் அப்பா வைத்த சங்கரலிங்கம் போயிற்று. அன்றிலிருந்து நான் அமாவாசை. டீக்கடையில் அமாவாசை, பஸ் ஸ்டாப்பில் அமாவாசை. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் நின்று "அமாவாசை சார் வீடு எது?" என்று கேட்டு வந்தார்கள். செல்வநாயகம் மனதில் வஞ்சம் வைத்துக்கொண்டு சொன்னவன் இல்லை. மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவன் மனைவி இசபெல் மீன் வைத்தால் எனக்கென்று ஒரு டப்பா தனியாக வரும். ஆனாலும் அந்தச் சிரிப்புச் சத்தம் என் காதிலிருந்து போகவில்லை.

சரி, புலிக்கு வருகிறேன். ஒரு பழைய கேமராவும் முழங்கை நீள லென்சும் எப்படியோ வாங்கிவிட்டான். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருசக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அதற்கு முன்னால் டிசைன் வேலை, அதற்குப் பின்னால் ஆர்டர் வேலை. வருசத்தில் ஈஸ்டர் முடிந்து ஒரே ஒரு வாரம்தான் அவனுக்கு லீவு கிடைக்கும். அந்த வாரம் மைசூர் ரயில் ஏறிக் கபினிக் காட்டுக்குப் போய்விடுவான். காட்டிலும் அப்போதுதான் தண்ணீர் வற்றி மிருகங்கள் கரைக்கு வருமாம். ஆறு வருசம் போனான். மான் எடுத்து வந்தான், மயில் எடுத்து வந்தான், ஒரு வருசம் புலி போட்ட எச்சத்தை எடுத்து வந்து காட்டினான். மெஷின்காரர்கள் விடுவார்களா? "மயில எடுக்க மைசூருக்கா போகணும், பட்டாசு கம்பெனி பொட்டல்ல நூறு மேயுதே அண்ணாச்சி" என்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

ஏழாவது வருசம் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேமராவின் சின்னத் திரையில் எனக்குத்தான் முதலில் காட்டினான். வற்றிய குளத்தின் ஓரம் ஒரு தாய்ப்புலி, மூன்று குட்டிகள். தாய்ப்புலி ஒரு புள்ளிமான் குட்டியைப் பிடித்து வந்திருக்கிறது. கொல்லவில்லை. பின்னங்காலை மட்டும் கடித்து முறித்துத் தன் குட்டிகள் முன்னால் போட்டிருக்கிறது, கொல்லப் பழகட்டும் என்று. குட்டிகளுக்கு முதலில் பயம். பிறகு ஒன்று கையால் தட்டிப் பார்த்திருக்கிறது, இன்னொன்று காதைக் கடித்து இழுத்திருக்கிறது. மான்குட்டி மூன்று காலில் எழுந்து நாலடி போகும். தாய் எட்டி, நகம் படாமல், உள்ளங்கையால் தள்ளிப் பழைய இடத்தில் கொண்டு வந்து வைக்கும்.

"எம்புட்டு நேரம்லே?" என்று கேட்டேன்.

"நாப்பத்திரண்டு நிமிசம். ஜீப்புல ஒரு அம்மா அழுது ஊரக் கூட்டுது, வண்டிய எடுக்கச் சொல்லி. நான் வஞ்சுட்டேன். வேணும்னா நீங்க எறங்கி நடந்து போங்கன்னுட்டேன்."

கடைசியில் ஒரு படம் காட்டினான். தாய்ப்புலி இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. முழு விலாவும் தெரிகிறது, ஒவ்வொரு கோடும் மை போட்ட மாதிரி. அதன் முன்னங்கால்களுக்கு நடுவே மான்குட்டி கிடக்கிறது, காதில் ஒரு புலிக்குட்டி தொங்குகிறது. மான்குட்டியோ கடிக்கிற குட்டியைப் பார்க்கவில்லை, அண்ணாந்து தாய்ப்புலியின் முகத்தைப் பார்க்கிறது.

"பெத்த தாயப் பாக்குற மாதிரி பாக்குதுலே" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

நான் எத்தனையோ படங்கள் பார்த்தவன். அது பெரிய படம் என்று எனக்குத் தெரிந்தது. வயிறு எரிந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? இருபது வருசம் ஒரே சோற்றை ஒன்றாக உட்கார்ந்து தின்ற இரண்டு பேரில் ஒருத்தன் எழுந்து போகப் போகிறான் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு அவன் வீட்டில் சாப்பாடு. டிவி பெட்டியில் போட்டு எல்லாப் படங்களையும் காட்டினான். இசபெல் அரசாங்க ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். பட்டாசு மருந்து அறை வெடித்து வருகிறவர்களைப் பதினாறு வருசமாகப் பார்க்கிற பெண். நாலு படம் பார்த்துவிட்டு எழுந்துவிட்டது.

"கடைசியில அதக் கொன்னுச்சுகளா, இல்ல நீங்க வார வரைக்கும் உசுரோட கெடந்துச்சா?"

"டைம் முடிஞ்சு வண்டிய எடுத்துட்டாம்மா. தெரியல."

"அதக்கூடப் பாக்காம என்னத்தப் பாத்தீக" என்று சொல்லிவிட்டு இசபெல் பாத்திரம் கழுவப் போய்விட்டது. செல்வநாயகத்துக்கு அது உறைத்த மாதிரி தெரியவில்லை.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெங்களூரில் ஒரு சங்கம் நடத்துகிற வனவிலங்குப் புகைப்படப் போட்டி. அதில் விலங்குகளின் நடத்தைக்கென்று தனிப் பிரிவு உண்டு. தேர்வாகிற படங்களைப் புத்தகமாகப் போடுவார்கள், படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரோடு. எங்கள் அச்சகத்தில் எந்தத் தாளிலும் படக்காரன் பெயர் வரக்கூடாது என்பது முதலாளி நவநீதகிருஷ்ணனின் கண்டிப்பான உத்தரவு. கோடிக்கணக்கான வீட்டுச் சுவர்களில் செல்வநாயகத்தின் கைவேலை தொங்குகிறது, எதிலும் அவன் பெயர் இல்லை.

"எம் பேரு அச்சுல வந்தது கல்யாணப் பத்திரிகையோட சரிலே. சாகுறதுக்குள்ள ஒரு தடவ ஒரு படத்துக்குக் கீழ வந்துரணும்" என்றான். மூன்று முறை சொன்னான். எனக்கு நன்றாகக் கேட்டது.

அனுப்புகிற நாளில், சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தன் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டான். விதிகள் இங்கிலீஷில் இருந்தன, அவனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. "நீ வாசிச்சுச் சொல்லுலே அமாவாசை, நான் ஒண்ணொண்ணா சரிபாத்துக்கிடுறேன்." அச்செடுத்த தாளைக் கையில் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே படத்தைத் திறந்தான். கேமராவிலிருந்து வந்த படம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பேசிக்கொண்டே அவன் இடது கை இரண்டு பட்டனைத் தட்டியது. இடப்பக்கம் பார்த்து நின்ற புலி வலப்பக்கம் பார்த்து நின்றது. அவன் பேச்சை நிறுத்தவேயில்லை.

நான் வாசித்தேன். படம் சொந்தமாக எடுத்ததாக இருக்க வேண்டும், கூண்டில் வளர்கிற மிருகமாக இருக்கக் கூடாது, இரை வைத்துக் கூப்பிட்டிருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றான். எட்டு விதி முடிந்தது. ஒன்பதாவது, படத்தை இடவலமாகத் திருப்பக் கூடாது, எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. அதைக் கண்ணால் வாசித்தேன். காதுக்குள்ளே மெஷின் பிரிவு சிரித்தது. பத்தாவது விதியை வாய் விட்டு வாசித்தேன்.

"அம்புட்டும் சரியாத்தானே இருக்கு?" என்றான்.

"எல்லாம் சரி. அனுப்பு."

அன்று இசபெல் கொடுத்துவிட்டிருந்த ஊளி மீனை முள் கூட விடாமல் தின்றேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் பத்துப் படங்களில் அவன் படம் இருக்கிறது, கேமராவில் எடுத்தபடியே உள்ள மூலப் படத்தை அனுப்பவும் என்று. அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். அச்சகத்துக்கே லட்டு வாங்கினான். இசபெலுக்குப் போன் போட்டான். அன்றைக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் வெடித்திருந்தது. "ஆறு பேரு வந்திருக்காக, ஒருத்திக்கு மூஞ்சியே இல்ல. வைங்க போன" என்று இசபெல் வைத்துவிட்டது. இவன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "டூட்டியில இருக்காலே" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்து, ஆலயத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்க வைத்தான். மூலப் படத்தையும் பெருமையாக அனுப்பினான். அதில் புலி இடப்பக்கம் பார்த்துதான் நின்றது. வலதும் இடதும் அவன் கண்ணுக்கு என்றைக்கோ ஒன்றாகிப் போயிருந்தன.

பதில் எட்டாவது நாள் வந்தது. "வாசிலே, வாசிலே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சுற்றி ஏழெட்டுப் பேர். தனியாக வா என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நின்ற இடத்திலேயே சத்தமாக வாசித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

புலிக்குக் கோடுகள் நம் கைரேகை மாதிரி. ஒரு விலாவில் இருப்பது மறு விலாவில் இருக்காது. அந்தக் காட்டுப் புலிகளின் இரண்டு பக்கக் கோடுகளையும் பதிவு செய்து வைத்திருக்கிற ஆய்வாளர் ஒருவர், இப்படி வலது விலா உள்ள பெண்புலி அங்கே கிடையாது என்று சொல்லியிருக்கிறார். மிருகக்காட்சிசாலையில் எடுத்த படமோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். மூலப் படம் வந்ததும் திருப்பிப் போட்டது தெரிந்துவிட்டது. ஒன்பதாவது விதியின்படி தகுதிநீக்கம். நீக்கப்பட்டவர்கள் பட்டியல் சங்கத்தின் இணையதளத்தில் பெயரோடு வெளியாகும்.

செல்வநாயகம் தன் இடது கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒம்பதாவது... அன்னைக்கு அத வாசிச்சியாலே?"

"வாசிச்சேனே."

"நான் சரின்னேனா?"

"சரின்னே."

நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான். "எம் புத்தி எங்கன போச்சோ. ஒன்னையச் சொல்லிக் குத்தமில்லலே."

பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. நன்றாக இருந்தது என்பதுதான் உண்மை. ஒன்பது வருசம் கழித்து அச்சகத்தின் நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது வேறொருத்தன்.

பட்டியல் வெளியானதும் யாரோ அதைப் படம் எடுத்து அச்சக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். நாலாவது பெயர் அவனுடையது. பெயர் அச்சில் வந்துவிட்டது என்று ஒருத்தன் லட்டுப் படம் அனுப்பினான். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! சபையில் போதகர் ஐயர் இவன் கையைப் பிடித்து, "தெரியாமத்தானே செஞ்சீங்க?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு ஞாயிறு அவன் கோயிலுக்குப் போகவில்லை. கேமராவை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டதாக இசபெல் சொன்னது. "ராத்தூக்கம் இல்ல. நீங்களாவது ஏதாச்சும் சொல்லக் கூடாதா அண்ணே?" என்று கேட்டது. சொல்கிறேன் என்றேன்.

ஆடி நெருங்கியது, ஆல்பம் வேலை. ஒரு நாள் முதலாளி டிசைனிங் பிரிவுக்குள் வந்தார்.

"செல்வநாயகம், அந்தப் புலிப் படம் சும்மாதான கெடக்கு? நம்ம ஆல்பத்துல போட்டுருவோம். நம்ம சிஸ்டத்துலதான வேல பாத்தீக, தனியா ஒண்ணும் கேக்க மாட்டீகளே?"

"இல்லிங்க முதலாளி."

"வலதுபக்கம் பாக்குற மாதிரிதான இருக்கு? ரெம்ப நல்லது. அந்த மான்குட்டிய எடுத்துருங்க. வீட்டுல மாட்டுறது, ரெத்தம் ஆகாது. அங்கன ஒரு பட்டாம்பூச்சி வச்சிருங்க. மேல 'தாய்ப்பாசம்'னு போட்டுக்கிடலாம்."

ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து மான்குட்டியை அழித்தான். நான் இரண்டு தடவை அந்தப் பக்கமாகப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். முறிந்த காலை அழித்து அங்கே மணலை நிரப்பினான். உடம்பை அழித்தான். காதை அழித்தான், புலிக்குட்டியின் வாய் வெறுமனே திறந்து கிடந்தது. கண்ணை மட்டும் கடைசி வரை விட்டு வைத்திருந்தான். மணலுக்கு நடுவில் ஒற்றைக் கண் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதையும் அழித்துவிட்டு மஞ்சள் பட்டாம்பூச்சியை வைத்தான்.

மூன்று மணிக்குப் புரூஃப் என் மேசைக்கு வந்தது. கடையின் பெயர் வருகிற இடம், தலைப்பு, மாதம், பண்டிகை, விரத நாள் எல்லாம் பார்த்தேன். அமாவாசையை மூன்று தடவை பார்த்தேன், அது என் வழக்கம். பிறகு படத்தைப் பார்த்தேன். தாய்ப்புலியின் வயிற்றுக்குக் கீழே இருட்டாக ஒரு நிழல். அந்த நிழலுக்குள் கறுப்பின் மேல் கரும்பழுப்பில் எறும்பு அளவுக்கு ஒரு வரி. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

படம்: செல்வநாயகம்.

முதலாளிக்குத் தெரியப் போவதில்லை. வாங்குகிற கடைக்காரருக்கும் சுவரில் மாட்டுகிறவர்களுக்கும் தெரியப் போவதில்லை. விட்டிருந்தால் அவன் பெயர் ஊர் ஊராக, வீடு வீடாக, ஒரு வருசம் தொங்கியிருக்கும். அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கும், அது போதும் அவனுக்கு. கைப்பழக்கத்தில் அடித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், அவன் கை புலியைத் திருப்பியது போல. ஆனால் அப்படி நடக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, யோசித்துவிட்டு அந்த வரியைச் சுழித்து நீக்கல் குறி போட்டேன்.

தாளை வாங்க அவனே வந்தான். சிவப்புச் சுழியைப் பார்த்தான். கோபப்படுவான், கெஞ்சுவான் என்று இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"கண்ணுல பட்டிருச்சு, என்ன?"

"படாம? அதுக்குத்தானே சம்பளம்."

"அம்புட்டு இருட்டுல, எறும்புத் தண்டி எழுத்து." தாளை மடித்துக்கொண்டே மெதுவாகத்தான் பேசினான், பக்கத்து மேசைக்குக் கூடக் கேட்டிருக்காது. "இத வச்சதே ஒனக்குத் தெரியுதான்னு பாக்கத்தாம்லே. இது தெரிஞ்ச கண்ணுக்கு, அன்னைக்கு ஒரு முழுப்புலி திரும்புனது தெரியாமலா இருந்திருக்கும்?"

பதிலுக்காக அவன் காத்திருக்கவில்லை. எழுந்து போய்த் தன் கம்ப்யூட்டரில் அந்த வரியை நீக்கிவிட்டு, திருத்திய புரூஃபை அனுப்பினான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இந்த வருசம் ஆல்பத்தில் அதிகமாக ஓடுவது அந்தப் படம்தான். இருக்கன்குடிக் கோயில் வாசலில் பூக்கடைகள் அத்தனையிலும் அது தொங்குகிறது. பட்டாம்பூச்சியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கின்றன.

அச்சகத்தில் எல்லோரும் இன்னும் என்னை அமாவாசை என்றுதான் கூப்பிடுகிறார்கள். செல்வநாயகம் மட்டும் கூப்பிடுவதில்லை. மதியம் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். வீட்டில் அவன் எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது, இசபெல் இப்போதும் எனக்கு மீன் கொடுத்து விடுகிறது. டப்பாவைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்து, "சாப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.